இடது கைக்கு ஒரு கியர் லீவர்

மலேசியாவிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் வாங்கிப் போவது வழக்கம். நானும் வாங்கினேன். அவை பெட்டியில் போயின. கைப்பையிலேயே வைத்து நான் கொண்டுபோனது ஒரு சைக்கிள் கியர் லீவர்.

அது என் மாமா மகள் செல்வராணிக்கு. போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் சிலமலையில் இருக்கிறாள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களின் வீட்டுக்கே போய்ச் சோதித்துப் பார்த்து மாதா மாதம் மாத்திரை கொடுப்பது அவள் வேலை. சிலமலை, பொட்டிபுரம், அதற்கும் மேலே மலையடியில் இருக்கும் ஒரு குடியிருப்பு எல்லாம் அவள் பொறுப்பு. கல்லூரி முடித்த யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கியர் சைக்கிளில் சுற்றுவாள். நானும் ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிள் ஓட்டுகிறவள். போனில் எங்கள் இருவருக்கும் பேசக் கிடைத்த பொதுவான விஷயம் அதுதான். சொந்தபந்தங்களைப் பற்றிப் பேசியதைவிடச் செயினுக்கு எண்ணெய் விடுவதைப் பற்றிப் பேசியது அதிகம்.

போன வருடம் ஒரு ஜீப்பின் பின்கதவு அவளுடைய வலது கைக் கட்டைவிரலை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். மீதி நான்கு விரல்களால் பிரேக் பிடிக்கிறாள். கியர் மட்டும் மாற்ற முடியாது, ஏனென்றால் வேலை செய்யும் ஒரே லீவர் இருப்பது வலது கைப்பிடியில், தள்ள வேண்டியது கட்டைவிரலால். ஸ்கூட்டிக்கு மாறலாம் என்றால் அதன் ஆக்சிலரேட்டரும் அதே கையில். அதனால் செயினை நடுப் பல்சக்கரத்தில் நிரந்தரமாக நிறுத்திவிட்டு, சமதரையில் மிதித்தும் மேட்டில் தள்ளியும் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முன்பு போனில் பேசியபோது அவள் குரல் சரியாக இல்லை. மலையடிக் குடியிருப்பை ஸ்கூட்டி வைத்திருக்கும் இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிடலாமா என்று அவளுக்கு மேலே இருக்கும் நர்ஸ் யோசிக்கிறாராம். வருகிற திங்கட்கிழமை கூடவே வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வாராம்.

"ஒரு இடம்தானே, விட்டுக் குடுத்துட்டா என்ன?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு மேட்ட எடுப்பாக மதினி. அப்புறம் பொட்டிபுரம் தூரமின்னு அதை எடுப்பாக. கடைசில, நீ வீட்டுலயே இரும்மான்னு சொல்லிருவாக" என்றாள்.

அடுத்த நாளே ஈப்போவில் கடைக்குப் போய், இருப்பதில் நல்ல லீவராகப் பார்த்து வாங்கினேன். வலது கை லீவர்தான். ஆனால் தலைகீழாகத் திருப்பி இடது கைப்பிடியில் மாட்டினால் இடது கட்டைவிரலால் தள்ளலாம் என்று என் வீட்டுச் சைக்கிளில் மாட்டியே பார்த்துவிட்டேன்.

மதுரையிலிருந்து வந்த ரயில் போடியில் நின்றதும் பிளாட்பாரத்தில் இறங்கி முதலில் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஏலக்காய் வாசனை ஊரெல்லாம் அடிக்கும் என்று சிறுவயதிலிருந்து கேள்விப்பட்டிருந்தேன். டீசல் வாசனைதான் வந்தது. ஏலக்காய் வியாபாரக் கடைகள் இருக்கும் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்த பிறகுதான் அந்த வாசனை வந்தது, கதவைத் திறந்து யாரோ உள்ளே கூப்பிட்டதுபோல. டீக்கடையில் ஆசையாக ஏலக்காய் டீ கேட்டேன். "இஞ்சி டீதான் இருக்கு" என்றார் கடைக்காரர். எங்கள் ஈப்போவுக்குப் பேர்போனது வெள்ளைக் கோப்பி, அங்கே வெள்ளைக் கோப்பி கேட்டால் வெள்ளைக் கோப்பி கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்து, இஞ்சி டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ராணி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். பரிமாறும்போது கரண்டியை நான்கு விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே செருகிப் பிடித்தாள். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "மொதல்ல சோத்தப் பாருங்க" என்றாள்.

மறுநாள் காலையில் போடியில் சுருளி அண்ணன் கடைக்குப் போனோம். சாதா சைக்கிள், கியர் சைக்கிள் இரண்டும் பார்ப்பவர். லீவரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமான் நல்ல சாமானுதான். ஆனா இது பத்துப் பல்சக்கரத்துக்கு உள்ளது ஆத்தா. நம்ம சைக்கிள்ல பின்னாடி இருக்கிறது ஏழு."

"பத்துக்குப் போறது ஏழுக்குப் போகாதா?" என்றேன்.

மாட்டினோம். முதல் கிளிக்கில் செயின் ஒழுங்காக அடுத்த பல்சக்கரத்தில் ஏறியது. நான் ராணியைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாவது கிளிக்கில் கரகரவென்று சத்தம். மூன்றாவதில் செயின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நின்று எதிலும் உட்காராமல் துள்ளியது. லீவர் ஒவ்வொரு கிளிக்குக்கும் இவ்வளவு ஒயர் இழுப்பது என்று கணக்கு வைத்திருக்கிறது. இந்தப் பழைய சைக்கிளுக்கு வேண்டியது அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு கிளிக்கில் தெரியாத வித்தியாசம் மூன்றாவது கிளிக்கில் மூன்று மடங்காகிவிடுகிறது. ஒயரைக் கவ்வும் போல்ட்டின் மறுபக்கமாகக் கொண்டுபோய் மாட்டினால் இழுப்பு மாறும் என்று எங்கோ படித்திருந்தேன். அப்படியும் மாட்டிப் பார்த்தோம். நடுவில் கொஞ்சம் தேறியது, இரண்டு ஓரங்களிலும் கெட்டது.

மதியத்துக்குள் சுருளி அண்ணன் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "பின்சக்கரம், செயின், எல்லாத்தையும் பத்துக்கு மாத்திருவோம். மதுரையில சொல்லிவிட்டா அடுத்த வாரம் வந்துரும். இல்லாட்டி வேற சைக்கிளாப் பாத்துக்கங்க."

ராணி அதுவரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "கைதான் மாறிப் போச்சு. இப்ப சைக்கிளையும் மாத்தச் சொல்றீகளாண்ணே?" என்றாள்.

அவர் லீவரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கடலைத் தாண்டி நான் சுமந்து வந்தது அவளுக்கு உதவாது என்பதை அவளே சொல்ல விடக்கூடாது என்று தோன்றியது.

"கிளிக் இல்லாத லீவர் கிடைக்குமாண்ணே?" என்று கேட்டேன். பழைய கியர் சைக்கிள்களில் அப்படி இருக்கும். எங்கே கொண்டுபோய் விட்டாலும் இறுக்கத்தில் அங்கேயே நிற்கும். அதற்குக் கணக்கு எதுவும் கிடையாது, அதனால் எந்தச் சக்கரத்தோடும் ஒத்துப்போகும். ஓட்டுகிறவர்தான் தேடி நிறுத்த வேண்டும்.

"இப்ப அதெல்லாம் எங்க வருது?" என்று தலையைச் சொறிந்தவர், கொஞ்சம் கழித்து, "மலைக்கு மேல பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ஸ்டோர்ல பழைய கியர் சைக்கிளு ஒண்ணு கெடந்துச்சு. வேலுச்சாமின்னு ஒருத்தர் ஸ்டோர் பாத்துக்கிறாரு. இருக்கோ, காயலானுக்குப் போயிருச்சோ" என்றார்.

"நாளைக்குப் போறோம்" என்றேன். ராணியின் முகத்தில் ஏதோ மாறியது. மலைக்குப் போவதென்றால் ஜீப்பில் போக வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் மட்டும் போய்ட்டு வரட்டுமா?"

"ஒங்களுக்கு எந்த லீவருன்னு தெரியும். எங்க ஆளுககிட்ட எப்பிடிப் பேசணும்னு தெரியாது. நானும் வர்றேன்" என்றாள்.

போடியில் ஜீப் நிறைவது எப்போது என்பதை நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. ஈப்போவில் பஸ்ஸில் இருக்கை தீர்ந்தால் ஆள் தீர்ந்தது. இங்கே இருக்கை தீர்ந்த பிறகுதான் ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். ராணி முன் இருக்கையில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையைச் சேலை முந்தானைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பின்கதவை அடிக்கும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடினாள். வண்டி கிளம்பி மலையடியில் இருக்கும் முந்தலைத் தாண்டியதும் திறந்தாள்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினோம். டிரைவர் தண்ணீர்க் குடத்தோடு ஓடை தேடிப் போனார். மலையாளம் பேசும் இரண்டு பெண்கள் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டார்கள். "இந்த ஜீப்பு மேலே போய்ச் சேர்றதுக்குள்ள, காய் பறிச்ச செடி திரும்பக் காய்ச்சிடும்" என்று ஒருத்தி மலையாளத்தில் சொன்னதன் அர்த்தம் எனக்கே பிடிபட்டது. ராணி விழுந்து விழுந்து சிரித்தாள். கீழே வெயிலில் கிடந்த சமவெளியைக் காட்டி, அதோ போடி, அதோ சிலமலை, அந்தக் கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் பொட்டிபுரம் என்றாள். தன் வேலையின் எல்லை முழுவதையும் ஒரே பார்வையில் அங்கிருந்து காட்டிவிட்டாள்.

போடிமெட்டைத் தாண்டியதும் குளிர் வந்தது. எங்கள் ஊருக்கு மேலே கேமரன் மலையில் சரிவு சரிவாக வெள்ளைப் பிளாஸ்டிக் கொட்டகைகளாக இருக்கும். இங்கே பெரிய மரங்களை அப்படியே விட்டு, அவற்றின் நிழலில் ஆள் உயரத்துக்கு ஏலச் செடி. காடா தோட்டமா என்று சொல்ல முடியவில்லை.

ஸ்டோர் என்பது ஏலக்காய் காயவைக்கும் கட்டடம். வேலுச்சாமி அண்ணன் எங்களை உள்ளே கூட்டிப் போனார். கம்பி வலைத் தட்டுகளில் பச்சைக் காய் பரப்பியிருந்தது. சூடும் ஈரமும் வாசனையும் சேர்ந்து கண்ணில் நீர் வரவைத்தன. சைக்கிளைக் கேட்டதும் சிரித்தார்.

"சைக்கிளு எப்பவோ போச்சு. லீவரு மட்டும் இருக்கு. பின்னே, அது சோலி செய்யுது."

சுவரின் உச்சியில் ஈரக்காற்று வெளியேற ஒரு தகரக் கதவு. அதிலிருந்து ஒரு சைக்கிள் ஒயர் இறங்கி வந்தது. கீழே தூணில் அறைந்திருந்த கைப்பிடிக் குழாய்த் துண்டில் நான் தேடி வந்த லீவர் இருந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் தள்ளினார். மேலே கதவு பாதி திறந்து அப்படியே நின்றது. நீராவி வெளியே போனது. அதே லீவர்தான், இடது கைக்கானது, கிளிக் இல்லாதது.

"இது இல்லேன்னா ஏணி போட்டு ஏறணும். முட்டி வலிக்காரன் நான். தர முடியாது ஆத்தா" என்றார்.

என் பையிலிருந்து புது லீவரை எடுத்தேன். "இதை மாட்டித் தர்றேன். நீங்க பாருங்க. பிடிக்கலைன்னா பழையபடி மாட்டிட்டுப் போயிடறேன்."

அவர் தூணை விட்டு நகர்ந்து இடம் விட்டார். நான் வேலையை ஆரம்பித்தேன். அதற்குள் ராணி தன் பையிலிருந்த பிரஷர் பார்க்கும் மிஷினை எடுத்து வாசல் பெஞ்சில் வைத்துவிட்டாள். காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். பட்டையை இடது கையால் சுற்றி, வலது முழங்கையால் அமுக்கிப் பிடித்து ஒட்டினாள். இரண்டு கையும் சரியாக உள்ளவர்கள்கூட அவ்வளவு வேகமாக ஒட்டமாட்டார்கள். கடைசியில் வேலுச்சாமி அண்ணனையும் உட்கார வைத்தாள்.

"என்னண்ணே இவ்வளவு ஏறிக் கெடக்கு? மாத்திரை போடுறீகளா இல்லையா?"

"வாங்கப் போகணும்னா கீழ இறங்கணும்..."

"சாக்குச் சொல்லாதீக. வர்ற வாரம் இறங்குங்க. சோலி எங்கயும் ஓடிப் போகாது."

பட்டையைக் கழற்றியதும் நான் அவரைக் கூப்பிட்டுப் புது லீவரைத் தள்ளச் சொன்னேன். கிளிக், கிளிக் என்று ஒவ்வொரு படியாகக் கதவு திறந்தது. அதோடு சேர்ந்த சின்ன லீவரைத் தட்டினால் ஒவ்வொரு படியாக இறங்கியது. சைக்கிளில் எங்களைக் கழுத்தறுத்த அந்தக் கணக்கு இங்கே அவருக்குப் பிடித்துவிட்டது. எந்த அளவுக்குத் திறந்தோம் என்று எண்ணிக்கொள்ளலாமாம். நான்கைந்து தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"செரி, கொண்டு போங்க" என்றார். அப்புறம் தொழிலாளர்களுக்கு வைத்திருந்த கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் எங்களுக்கும் இலையில் வந்தன. மீன்கறியின் புளிப்பும் காரமும் எங்கள் ஊர் மலாய்க்காரர்கள் புளி ஊற்றி வைக்கும் அசாம் மீனை ஞாபகப்படுத்தின. ராணிக்கு மீன் பிடித்தது. "கெழங்கு தொண்டைய அடைக்குது" என்று காதோடு சொன்னாள்.

சாயங்காலம் ஜீப் வரவில்லை. ஏலக்காய் லோடு ஏற்றி வந்த ஒரு பிக்கப் எங்களை ஏற்றிக்கொண்டது. போடி போய்ச் சேரும்போது துணி, தலைமுடி எல்லாம் ஏலக்காயாக மணத்தது.

மறுநாள் சுருளி அண்ணன் உற்சாகமாக வேலை பார்த்தார். முன்பக்கம் செயினைச் சின்னப் பல்சக்கரத்திலேயே நிறுத்தி, எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த லீவரை ராணியின் இடது கைப்பிடியில் மாட்டிப் பின்சக்கரத்துக்கு ஒயர் இழுத்தார். பெடலைச் சுழற்றிக்கொண்டே லீவரைத் தள்ளினேன். செயின் ஒவ்வொன்றாக ஏறியது. கடைசி, பெரிய பல்சக்கரத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. லீவர் முழுவதும் திரும்பியாயிற்று, இனித் தள்ள இடமில்லை. இடது கை லீவர் என்பது முன்பக்கத்துச் சில பல்சக்கரங்களுக்காகச் செய்தது. அது இழுக்கும் ஒயர் ஏழுக்கும் எட்டவில்லை. மேடு ஏற வேண்டியது அந்தப் பெரிய சக்கரத்தில்தான்.

சுருளி அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

ராணி குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, ஒயரை இன்னும் இழுத்துக் கட்டுனா?"

"இழுத்துக் கட்டுனா பெருசுக்கு ஏறும். ஆனா திரும்பச் சின்னதுக்கு இறங்காது. ஏழுல ஒண்ணு போயிரும்."

"போகட்டும்."

"இறக்கத்துல மிதிக்கப் பல்லு இருக்காது ஆத்தா."

"இறக்கத்துல எதுக்குண்ணே மிதிக்கணும்? எனக்குக் கியரு வேணும்கிறதே மேட்டுக்குத்தானே."

கட்டினார். பெரிய சக்கரத்தில் செயின் ஏறி உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சிலமலைக்கு வெளியே காட்டுப் பாதையில் பழகினாள். கிளிக் இல்லாததால் லீவரை எங்கே நிறுத்துவது என்று முதலில் பிடிபடவில்லை. அதிகம் தள்ளினால் செயின் தாண்டியது, குறைவாகத் தள்ளினால் கரகரத்தது. ஒருமுறை செயின் கழன்று முழங்காலில் சிராய்த்துக்கொண்டாள்.

"எங்க நிக்கிதுன்னே தெரியலியே மதினி!" என்று எரிச்சலோடு சைக்கிளைக் கீழே போட்டாள். ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நான் சமாதானமாக ஏதோ சொல்ல வந்தேன். "நீங்க சும்மா இருங்க" என்று எழுந்துபோய்ச் சைக்கிளைத் தூக்கினாள். வெயில் தாழ்வதற்குள் கீழே குனிந்து பார்க்காமல் மாற்றப் பழகிவிட்டாள்.

திங்கட்கிழமை நர்ஸ் ஸ்கூட்டியில் வந்தார். கண்டிப்பான பெண்மணி, ஆனால் கெட்டவர் இல்லை. ராணியின் கையைப் பார்த்து, "உனக்குக் கஷ்டம் வேண்டாம்னுதான் சொல்றேன்" என்றார்.

"தெரியும் சிஸ்டர். மேல பாப்போம்" என்று சொல்லிவிட்டு ராணி மாத்திரைப் பையைத் தோளில் மாட்டினாள். நான் சுருளி அண்ணன் கொடுத்த சாதா சைக்கிளில் பின்னால் போனேன்.

பொட்டிபுரத்தைத் தாண்டியதும் ரோடு மலையைப் பார்த்து நிமிர்கிறது. நிழல் கிடையாது. ராணி இடது கட்டைவிரலால் லீவரைத் தள்ளுவது தெரிந்தது. ஒருமுறை மாறியது. இன்னொருமுறை மாறியது. மேடு செங்குத்தாகும் இடத்தில் மூன்றாவது தடவை தள்ளியபோது கரகரவென்று சத்தம் வந்தது. சைக்கிள் தள்ளாடியது. அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஸ்கூட்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். ராணி குனியவில்லை, காலையும் ஊன்றவில்லை. விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். சத்தம் அடங்கியது. கால்கள் திரும்பவும் ஒரே சீராகச் சுற்ற ஆரம்பித்தன.

என் சைக்கிளுக்குக் கியர் கிடையாது. அங்கேயே இறங்கித் தள்ள ஆரம்பித்தேன்.

நான் குடியிருப்பைப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஏற்கெனவே ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டில் இருந்தாள். வாசலில் நர்ஸ் நின்றிருந்தார். ராணி வெளியே வந்ததும், "சரி, இந்த மாசம் நீயே பாரு" என்றார்.

"இந்த மாசம் மட்டுமா சிஸ்டர்?"

நர்ஸ் போய் ஸ்கூட்டியில் உட்கார்ந்தார். "இனிமே நீதான்மா. போ, மத்த வீட்டையும் பாரு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினார்.

ஒரு வீட்டுக்காரம்மா எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். சுவரோர நிழலில் உட்கார்ந்தேன். மூச்சு இன்னும் அடங்கவில்லை. வேலை முடிந்தது, இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். ராணி திரும்பவும் சைக்கிளை எடுத்தாள்.

"இன்னும் எங்க?"

"மேல ஒரு வீடு இருக்கு மதினி. தார் ரோடு அங்க முடியுது. தள்ளத் தெம்பில்லாம ரெண்டு மாசமா அவுகளைக் கீழ வரச் சொல்லி மாத்திரை குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"நானும் வரட்டுமா?"

"நீங்க மோரக் குடிங்க. வெரசா வந்துர்றேன்."

பாதை ஒரு புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போகிறது. அவள் அந்த வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை.